கண்ணில் விட்ட பால்

முத்துராணியை அவளுடைய தம்பி எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தது பங்குனி மாதத்து முற்பகல் ஒன்றில். தச்சநல்லூர்ச் சந்தையில் காய்கறி ஏற்றும் தன் சரக்கு ஆட்டோவிலேயே கொண்டு வந்திருந்தான். வண்டியின் பின்புறத்தில், காலிச் சாக்குகளின் மேல், நனைத்த துண்டை வலது கண்ணில் அழுத்தியபடி அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் படாதிருக்க அவள் தலைமேலும் ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தான். வாசற் காவலர் ஏதோ மூட்டை என்றே முதலில் எண்ணியிருக்கிறார்.

நான் பாளையங்கோட்டையில் கண் மருத்துவராக, கருவிழிப் பிரிவில் பணியாற்றுகிறேன். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகியதில்லை. ஆகவே நடையில் குறை இருப்பின் அன்புகூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கண்டதைக் கண்டவாறே சொல்ல முயல்கிறேன்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியின் முன் அவளை உட்கார வைத்தேன். இடது கண்ணில் எப்போதோ பூ விழுந்திருந்தது. கருவிழி முழுவதும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அவளிடம் எஞ்சியிருந்தது வலது கண் ஒன்றுதான். அதில், பாவைக்குச் சற்றுக் கீழே, மஞ்சளோடிய வெள்ளைப் புண் ஒன்று. உள்ளே அடிப்பகுதியில் சீழ் தேங்கி மட்டம் கட்டியிருந்தது. சாயத்தாளைத் தொட்டுவைத்து நீல ஒளியைப் பாய்ச்சியபோது, அந்தப் புண் இருட்டில் பச்சையாக ஒளிர்ந்தது.

“என்ன பட்டது முத்துராணி?”

“ரோட்டுல நெல்லு காயப் போட்டிருந்தோம் டாக்டரம்மா. துழாவிக்கிட்டு நிக்கையில லாரி ஒண்ணு விருட்டுனு போச்சு. நெல்லுச் சுணை பறந்து வந்து கண்ணுல விழுந்துட்டு.”

“அதுக்கப்புறம் கண்ணுல என்ன விட்டீங்க?”

“ஒண்ணும் விடல.”

எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் விட்டிருப்பார்கள்: விளக்கெண்ணெய், கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு சொட்டு மருந்து, இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்ப்பால். எங்கள் பக்கத்தில் கண் சிவந்தால், அண்டைவீட்டில் பிள்ளை பெற்றவள் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். கண் குளிரும் என்ற நம்பிக்கை. அன்போடு செய்வதாயிற்றே என்று நான் யாரையும் கடிந்துகொள்வதில்லை. ஆயினும் கேட்டறிவது கடமை.

“தாய்ப்பால் விட்டீங்களா? சொல்லிருங்க. நான் ஏச மாட்டேன்.”

தம்பி சுடலைமணிதான் சிரித்துவிட்டான்.

“எங்க வீட்ல பச்சப்பிள்ளக்காரி யாரு இருக்கா டாக்டரம்மா? இவளுக்கும் கல்யாணம் ஆவல, எனக்கும் ஆவல. கட்டிக்கிடக்க ஆடுகூட கெடாதான்.”

“நீ சும்மா கெடலே,” என்றாள் முத்துராணி.

கண் மரத்துப்போகும் சொட்டு விட்டு, சிறு கத்தியின் முனையால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்தேன். கண்ணாடிச் சில்லுகளில் சிறிது தடவி, மீதியைக் கிருமி வளர்க்கும் தட்டில் கோடு கோடாக இழுத்தேன். சாயமேற்றிய சில்லில், நுண்ணோக்கியின் அடியில், ஊதா நிறப் புள்ளிகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. நிமோகாக்கஸ். அறுவடைக் காலத்தில் நாங்கள் அடிக்கடி சந்திக்கும் கிருமி. உரிய மருந்துக்குப் பணியக்கூடியது.

பூஞ்சையும் உண்டா என்று பார்ப்பதற்காகச் சாயமேற்றாமல் வைத்திருந்த இன்னொரு சில்லில் பூஞ்சை இல்லை. ஆனால் சிறிதும் பெரிதுமாகப் பளபளக்கும் வட்டங்கள் மிதந்தன. எண்ணெய்த் துளிகளைப் போலிருந்தன. விளக்கெண்ணெய் விட்டுவிட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறாள் போலும் என்று எண்ணி, அதை அப்பால் வைத்துவிட்டேன்.

அவளைப் பெண்கள் பகுதியில் சேர்த்தோம். கருவிழிப் புண் உள்ளவர்களுக்கு வெளிச்சம் ஊசிபோல் குத்தும். எனவே அந்தக் கூடத்தின் சன்னல்களில் எப்போதும் தடித்த பச்சைத் திரைகள் தொங்கும். வெளியே பங்குனி வெயில் தார்ச்சாலையை உருக்கும்போதும் உள்ளே குளத்தடி நீரின் மங்கல்தான் இருக்கும். செவிலியர் சாலோமி மணிக்கொரு முறை மருந்துச் சொட்டை விட்டுவந்தார். அவர் கைபட்டுத் தேறாத கண் அரிது.

முத்துராணியின் கண் தேறவில்லை.

காலையில் பார்த்தால் புண்ணின் ஓரம் சற்றுத் தெளிந்திருக்கும். மாலையில் மறுபடியும் வெண்மை பரவியிருக்கும். சீழ் மட்டம் உயர்ந்திருக்கும். தட்டில் வளர்ந்த கிருமிக்கு நாங்கள் கொடுத்த மருந்தே ஏற்றது என்று பரிசோதனை தெளிவாகச் சொன்னது. இருந்தும் கருவிழி நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. ஓட்டை விழுந்துவிட்டால் அந்தக் கண்ணும் போய்விடும்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கலையரசி. நாங்குநேரியில் இட்லிக் கடை நடத்துபவர். ஒரு கண்ணில் கட்டோடும் வாய் ஓயாதவர்.

“டாக்டரம்மா, இந்த வார்டுல பச்சப்பிள்ளக்காரி யாரும் கெடயாதுல்லா? பொறவு பால்வாசம் எங்கிருந்து வருது? உச்சிக்குச் சரியா வருது கேட்டியளா. நான் மாவும் பாலுமா பொழங்குதவ. இது பசும்பாலு இல்ல.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒருவேள சாலோமி சிஸ்டரா இருக்குமோ?” என்றார்.

“பேரன் எடுத்த வயசுல எனக்கு ஏதும்மா பாலு? சும்மா படும்மா,” என்றார் சாலோமி. கூடத்திலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். முத்துராணி மட்டும் சிரிக்கவில்லை.

அவளுடைய தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். வலது காதோரம் ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தேன். மருந்தின் நெடி இல்லை. இளஞ்சூட்டில் புளிக்கத் தொடங்கிய இனிப்பு வாசனை. அதனடியில், மிக இலேசாக, ஆற்றுப்பாசியின் வாசனை.

மறுநாள் முற்பகலில் நானே அவள் கண்மேல் பிளாஸ்டிக் மூடியை வைத்து, சுற்றிலும் இடைவெளியின்றிப் பிளாஸ்திரி ஒட்டினேன். உச்சிப்பொழுது கழிந்ததும் திரும்பி வந்தேன். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. ஒரு மூலைகூடப் பிரியவில்லை.

மூடியின் உட்புறத்தில் வெண்மையாக ஒரு துளி வழிந்து நின்றது.

அதைச் சில்லில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஏறக்குறைய ஓடினேன். கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயத்தை இட்டேன். முதல் நாள் நான் அப்பால் ஒதுக்கிய அதே வட்டங்கள், ஒவ்வொன்றாகச் சிவந்தன.

சுடலைமணியைத் தனியே அழைத்து, அக்காவின் கண்ணில் பால் எப்படி வருகிறது என்று கேட்டேன். குடிநீர்க் குழாயின் அருகே நின்றான். சிரிப்பு முகத்தைவிட்டுப் போயிருந்தது.

“எங்கம்மா பேரு சந்தனமாரி. நான் பாத்ததில்ல டாக்டரம்மா. நான் கைப்பிள்ளையா இருக்கையில அக்காவுக்குக் கண்ணுல சுணை விழுந்திருக்கு. இடது கண்ணுல. அம்மா எனக்குக் குடுக்க வேண்டிய பால அவ கண்ணுல பிழிஞ்சு விட்டுருக்கா. கண்ணு பூத்துப் போச்சு. ஊருல எல்லாரும், ‘உன் பாலுதான் பிள்ள கண்ண அவிச்சுட்டு’ன்னு சொல்லிட்டாவ. சொல்லிக்கிட்டே இருந்திருக்காவ.”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை இறுக்கி மூடினான்.

“ஒரு நாள் உச்சி வெயில்ல துணி தொவைக்கப் போறேன்னு ஆத்துக்குப் போனா. துணி மட்டும் படித்துறையில இருந்துச்சாம்.”

பிறகு அவன் கேட்டான்: “அக்காகிட்ட அவ வாராளா டாக்டரம்மா? எனக்கு ஒரு நாளும் வரலியே.”

நான் திருச்சபைப் பள்ளியில் படித்து வளர்ந்தவள். இத்தகையவற்றை நம்புவது பாவம் என்று கற்பிக்கப்பட்டவள். ஆயினும் மறுநாள் உச்சிப்பொழுதில் முத்துராணியின் கட்டிலருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மருத்துவரின் மனத்துக்குக் காரணம் வேண்டும். யாரோ ஒருவர் ஒளிந்து வந்து விடுகிறார் என்றால், அவரைப் பிடித்துவிடலாம் என்றுகூட எண்ணினேன்.

நோயாளிகள் உண்ட களைப்பில் உறங்கியிருந்தார்கள். மின்விசிறி முனகியது. வெளியே பேருந்து ஒன்று நெடுநேரம் ஒலியெழுப்பிவிட்டு அடங்கியது. பச்சைத் திரையின் விளிம்பில் வெயில் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது.

முதலில் வந்தது வாசனை.

பால். பிறகு பாசி. பிறகு ஈரத்துணியின் வாசனை.

சொட்டு.

சொட்டு.

கூடத்தின் மறுகோடியிலிருந்து, பிழியப்படாத சேலையிலிருந்து நீர் சொட்டுவதுபோல் ஓர் ஒலி. அது கட்டில்களைக் கடந்து வந்தது. அவசரப்படவில்லை. உறங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று பைய அடியெடுத்து வைப்பவரின் நடையாக இருந்தது அது.

எனக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றது.

அங்கே யாரும் இல்லை.

ஜெபம் சொல்ல வாயெடுத்தேன்.

முத்துராணி முகத்தை மேலே திருப்பினாள். தாயின் மடியில் பிள்ளை தலை சாய்ப்பதுபோல் கழுத்தைத் தளரவிட்டாள். அவளுடைய மேலிமையில் ஒரு குழி விழுந்தது. கீழிமையில் இன்னொன்று. காணமுடியாத இரண்டு விரல்கள் அந்த இமைகளை மிக மென்மையாக விலக்கின. செவிலியர் எவரும் அத்தனை மென்மையாக விலக்கி நான் பார்த்ததில்லை.

வெறும் காற்றில் ஒரு வெண்துளி திரண்டது.

கனத்தது.

விழுந்தது.

“எம்மா,” என்றாள் முத்துராணி, தூக்கத்தில் பேசுகிறவள்போல.

எவ்வளவு நேரம் நான் அசையாதிருந்தேன் என்று தெரியவில்லை. சொட்டும் ஒலி போய்விட்டிருந்தது. என் செருப்பின் அருகே தரை நனைந்திருந்தது.

“பாத்துட்டியளா டாக்டரம்மா?” என்று முத்துராணி மெல்லக் கேட்டாள்.

“பார்த்தேன்.”

“வீட்டுலயே வர ஆரம்பிச்சுட்டா. சுணை விழுந்த மறுநாளே. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், கோவிச்சுக்கிடாதிய.” அவள் விரல்கள் போர்வையின் ஓரத்தைச் சுருட்டின. “உங்க முகம் எனக்குப் புகையாத்தான் தெரியுது. தம்பியும் புகைதான். அவ மட்டும் தெளிவு. மூக்குத்திகூடத் தெரியுது. நான் அவ மொகத்த மறந்தே போயிருந்தேன் டாக்டரம்மா.”

“முத்துராணி, இந்தப் பால் விழுந்துக்கிட்டே இருந்தா கண் ஓட்டையாயிரும். கிருமிக்கு அது தீனி. எங்க மருந்து ஒண்ணும் செய்யாது.”

“தெரியும்.”

“அப்ப வர வேண்டாம்னு சொல்லுங்க.”

நோயுற்ற கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது புண்ணின் நீரா, அழுகையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

“என் கண்ண அவதான் கெடுத்தான்னு ஊரு சொல்லித்தான் அவ ஆத்துல எறங்கினா. இப்போ இந்தக் கண்ணையாச்சும் சரி பண்ணுவோம்னு வாரா. அவளப் பாத்து, உன் பாலு வேண்டாம்னு நானும் சொல்லவா?” பிறகு கேட்டாள்: “நெசத்தச் சொல்லுங்க. அன்னைக்கு அவ பாலாலதான் என் கண்ணு போச்சா?”

ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை. டார்ச்சை எடுத்து அவளுடைய இடது கண்ணை மறுபடியும் பார்த்தேன். இறுகிப்போன பழைய தழும்பு. எதையும் சொல்லாத வெண்மை.

“எனக்குத் தெரியாது. இந்தத் தழும்பைப் பார்த்து எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. கிழிச்சது சுணை. கிருமி அந்தச் சுணையிலேயே வந்திருக்கலாம், பாலே விடாட்டாலும் கண் போயிருக்கலாம். ஊர்க்காரங்க தெரிஞ்சு சொல்லல. தெரியாமத்தான் சொன்னாங்க.”

அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தெரியாமத்தான் சொன்னாங்க.

அன்று மாலை சுடலைமணி அவளருகே உட்கார்ந்திருந்ததைக் கதவோரமாக நின்று கண்டேன். ஒட்டுக் கேட்கும் எண்ணம் எனக்கில்லை. அவன் குரல்தான் உடைந்து வெளியே வந்தது.

“எக்கா, அவள நீ பாத்துக்கிட்டே இருக்கணும்னா கண்ணு அவிஞ்சு போவணும். சரி. பொறவு என்னய யாருக்கா பாப்பா?”

அவள் அவன் தலையில் ஓர் அடி வைத்தாள். அந்தக் கையை எடுக்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் சாலோமியிடம் அனுமதி பெற்றுச் சுடலைமணியையும் உள்ளே வரச் செய்தேன். அவன் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மின்விசிறி முனகியது.

பால். பாசி. ஈரத்துணி.

சொட்டு.

“வந்துட்டா,” என்றாள் முத்துராணி.

சுடலைமணி அவசர அவசரமாகச் சுற்றிலும் பார்த்தான். தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டான். அதைக் கண்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இமைகளில் குழி விழுந்தது. முத்துராணி கையை உயர்த்தி, தன் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“எம்மா, வேண்டாம்மா.”

சொட்டும் ஒலி நின்றது.

“கோவிச்சுக்கிடாத. உன் பாலு கெட்டதில்ல. ஊர்ல சொன்னது தெரியாமச் சொன்னதாம். டாக்டரம்மாவே சொல்லுதாவ. நீ என் கண்ணக் கெடுக்கல. ஆனா இந்தக் கண்ணுக்குப் பாலு ஆவாதும்மா. இது போச்சுன்னா எனக்கு வேற இல்ல.”

எங்கிருந்தோ ஒரு விம்மல். நீருக்கடியிலிருந்து கேட்பதுபோல. கலையரசி உறக்கத்தில் புரண்டார்.

“இனி வராத,” என்றாள் முத்துராணி. தம்பி பிடித்திருந்த கையை இறுக்கிக்கொண்டாள். “போறதுக்கு முன்னால தம்பியப் பாத்துட்டுப் போ. இவந்தாம்மா நீ விட்டுட்டுப் போன பிள்ள. எனக்கு விட்டதெல்லாம் இவனுக்கு உள்ளது.”

சொட்டும் ஒலி மறுபடி தொடங்கி, கட்டிலோரமாக அவனிடம் வந்தது.

சுடலைமணியின் மோவாய் மெல்ல உயர்ந்தது. அவன் உயர்த்தவில்லை. தாடையின் இருபுறமும் இரண்டு குழிகள்.

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

ஒரு துளி அவன் உதட்டில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவன் நாவின் நுனியால் அதைத் தொட்டான். காய்கறி மூட்டைகளைத் தோளில் சுமக்கும் அந்த இளைஞனிடமிருந்து, பேசக் கற்காத குழந்தையின் ஓசை ஒன்று வெளிவந்தது. அந்த ஓசையை நான் வாழ்நாளில் மறவேன்.

சொட்டும் ஒலி கட்டில்களைக் கடந்து போயிற்று. போகும்போதும் பைய.

அன்று முதல் தலையணை நனையவில்லை. மருந்து வேலை செய்தது. சீழ் மட்டம் இறங்கிக் கரைந்தது. புண்ணின் ஓரங்கள் தெளிந்தன. கடைசியாகச் சுரண்டி எடுத்ததில் ஒரு கிருமியும் வளரவில்லை. பாவைக்குக் கீழே சிறியதாகப் பூ ஒன்று மிஞ்சியது. ஆனாலும் அவளால் என் மேசைமேலிருந்த நாட்காட்டியைப் படிக்க முடிந்தது. தான் வீட்டில் சுற்றும் பீடி இலையின் நரம்புகூடத் தெரியும், இனி மறுபடியும் பீடி சுற்றலாம் என்றாள்.

ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுதில் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். வரவேண்டாம் என்று சொன்னவளே.

“தூரத்துல, அந்தக் கதவுகிட்ட நின்னா,” என்று முதலில் சொன்னாள். “கிட்ட வரல.” பின்னொரு நாள், “மூக்குத்தி தெரியல. சேலை மட்டும்.” கண் தெளியத் தெளிய, தாய் மங்கிக்கொண்டே போனாள்.

வீடு திரும்பும் நாளில் அவளைக் கடைசியாகப் பரிசோதித்தேன். விளக்கைப் போட்டதும் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“இப்ப உங்க முகம் நல்லாத் தெரியுது டாக்டரம்மா,” என்றாள். “வேற யாரும் தெரியல.”

நான் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தேன். சுடலைமணி அவளை ஆட்டோவின் முன்னிருக்கையில் உட்கார வைத்தான். வெளிச்சம் படாதிருக்க இம்முறை சாக்கு தேவைப்படவில்லை.

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் ஐப்பசியில் நடந்த ஒன்றையும் சொல்லிவிட அனுமதி வேண்டுகிறேன்.

புன்னக்காயலிலிருந்து கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்து சேர்ந்திருந்தாள். அவளுக்குக் கருவிழி மாற்று அறுவை நடந்துகொண்டிருந்தது. கணவன் குழந்தைக்குப் பால்பொடி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். கட்டிலில் கிடந்த குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. சாலோமி தூக்கித் தோளில் போட்டும் அடங்கவில்லை. படுக்க வைத்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீராவது கொடுக்கலாமா என்று கேட்க என் அறைக்கு வந்திருந்தார். உச்சிப்பொழுது. மழை மேகம் கவிந்து, கூடம் வழக்கத்தைவிட இருண்டிருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுகை நின்றது.

சட்டென்று நின்றது.

இருவரும் விரைந்தோம். குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்த குழந்தைகள் உறங்குவதுபோல, மூடிய கைகள் தளர்ந்து, வாய் இன்னும் சப்பியபடி. கட்டிலடியில் தரை ஈரமாக இருந்தது.

முதலில் அதன் கண்களைத்தான் பார்த்தேன். இமைகளைத் தொட்டேன்.

உலர்ந்திருந்தன.

உதடுகள் மட்டும் வெண்மையாக நனைந்திருந்தன.